சட்டை போட்டுக்கறேன்னு சொல்லு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். மாமா என்றால் சொந்தத் தாய்மாமன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அதனால் அவர் மனைவி எனக்கு அத்தை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறவர்கள். கூழ் எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட ரோஸ் குக்கீஸ் அவர்கள் வீட்டுக்குப் போகும்.

மாமா சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்தவர். சுரங்கத்தை மூடியபோது நாற்பதைத் தொட்டிருந்தார். அதற்குப் பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் பல வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்தார். கல்தூசி நுரையீரலில் படிந்து போனது மெதுவாகத்தான் வெளியே தெரிந்தது. முதலில் ரயிலடியில் படி ஏற முடியவில்லை. பிறகு குழாயடி வரை நடக்க முடியவில்லை. கடைசி மூன்று வருஷம் கட்டிலும், மூக்கில் ட்யூபும், பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் மெஷினும்தான். கரண்ட் போனால் அத்தை அலறுவாள். நானும் ஓடுவேன்.

நானும் ஒன்பது வருஷம், மாமா போய் வந்த அதே ரயிலில் பெங்களூர் போய் வந்தேன். ஒரு ஆபீசில் நாள் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிற வேலை. அந்த ஆபீஸ் மூடியது, அம்மாவுக்கும் சர்க்கரையில் கால் புண்ணாகியது, வீட்டோடு இருந்துவிட்டேன். இங்கிலீஷ் மட்டும் மிச்சம். எங்கள் ஊரைப் பார்க்கவும் படமெடுக்கவும் வெளியாட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். யாரோ ஒருவருக்கு ஒரு நாள் கூடப் போய்ப் பேசிக் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் என் நம்பரைக் கொடுத்தார். அப்படியே அது ஒரு வேலை ஆகிவிட்டது. சுரங்கத்துக்குள் இறங்குகிற, இப்போது மூடிக்கிடக்கும் ஷாஃப்டுகள், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு, காலி லைன்கள் எல்லாம் காட்டுவேன். நம் ஆட்கள் தமிழில் சொல்வதை வந்தவர்களுக்கு இங்கிலீஷில் சொல்வேன்.

அந்தப் போட்டோகிராபர் வந்தது ஒரு மார்ச் மாதம். பெண், என் வயதுதான் இருக்கும். வடக்கேயிருந்து வந்து பெங்களூரில் தங்கியிருப்பவள். இந்தியும் இங்கிலீஷும் தவிர வேறு பாஷை தெரியாது. நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தால் நின்று குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைப்பாள். தூசி நோய் வந்தவர்களின் முகங்களை எடுக்க வேண்டும் என்றாள். எங்கள் ஊரிலேயே கோரமண்டல் பக்கம் மூன்று வீடு போனோம். ஒரு வீட்டில் ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வெயிலில் அலைந்து களைத்துப் போயிருந்தோம். "எங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒருத்தர் இருக்கிறார்" என்று நானாகத்தான் சொன்னேன்.

போகிறோம் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா வெற்றுடம்போடு லுங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தொடை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருவார். அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். தோளெலும்பும் விலாவும் தனித்தனியாகத் தெரியும்.

"இன்னாம்மா, யாரு இது?" என்றார்.

"போட்டோ எடுக்க வந்திருக்காங்க மாமா. மைன்ஸ்ல வேலை செஞ்சவங்களைப் பத்தி."

"என்னையா? இன்னாத்துக்கு?"

"நல்லதுக்குத்தான் மாமா. நாலு பேருக்குத் தெரியணும் இல்ல?"

கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டார். "சரி. இரு, சட்டை போட்டுக்கறேன்னு சொல்லு" என்று சுவர் ஆணியில் தொங்கிய சட்டையை நோக்கிக் கையை நீட்டினார்.

வாசல் வெளிச்சம் கட்டில் மேல் விழுந்திருந்தது. அவள் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டாள். "என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டாள்.

"ரெடி என்கிறார்" என்றேன் இங்கிலீஷில்.

மாமாவிடம் திரும்பி, "சட்டை வேணாமாம் மாமா, அப்படியே இருக்கட்டுமாம்" என்றேன்.

ஒரே மூச்சில் இரண்டு பொய், இரண்டு பாஷையில். கால் வலித்தது, சட்டை மாட்டினால் அவருக்கு மூச்சு வாங்கும், நேரமாகும் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. சட்டை போட்டுவிட்டால் அவள் தேடி வந்த படம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்க வெறுங்கையோடு என் கூட அலைந்தவளுக்கு ஒன்றாவது காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

மாமா கையை மடியில் போட்டுக்கொண்டார். படித்த பெண் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். அவள் பத்துப் பதினைந்து தடவை எடுத்தாள். பிறகு ஒரு ஃபாரத்தை நீட்டினாள். ஒரு பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

"இதுல இன்னா எழுதி கீது?"

"போட்டோவை யூஸ் பண்ணிக்கலாம்னு மாமா."

எங்கே வேண்டுமானாலும், எந்த வகையில் வேண்டுமானாலும், எந்தக் காலத்திலும் என்று அதில் இருந்தது. அந்த மாதிரி ஃபாரங்கள் எனக்கு அத்துப்படி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். மாமா தமிழில் தன் பெயரை நிதானமாக எழுதினார். அத்தை வருவதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

மழைக்காலம் தொடங்கியபோது பெங்களூரில் அவள் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. ஆனால் மாமாவின் படம் போனுக்குப் போன் போக ஆரம்பித்தது. மாமாவின் ஒரே மகள் பெங்களூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கூட வேலை செய்யும் பெண் மதியச் சாப்பாட்டின்போது போனை நீட்டி, "இது உங்க ஊர்தானே, பாவம் பாரு" என்று காட்டியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வந்தபோது என் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "யாருன்னு அவ கேட்டா, அக்கா. தெரியாதுன்னு சொல்லிட்டேன். எங்கப்பாவைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் பின்னாலேயே அத்தை வந்தாள். மகளின் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். படத்தின் கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது.

"இன்னா எழுதி கீதுன்னு படி."

"தங்கம் தின்ற மனிதன்னு அத்தே."

"தின்னானா? இவரு எந்தத் தங்கத்தைத் தின்னாரு?"

"அப்படி இல்ல அத்தே, தங்கம் இவரைத் தின்னுச்சுன்னு…"

"நீ சொல்றது எனக்கு வேணாம். ஷிப்டு முடிஞ்சு மேல வந்தா, திருடிட்டானோன்னு வாசல்ல நிக்க வச்சு துணியை உதறிப் பாப்பானுங்க. அதுக்கே ஊட்டுக்கு வந்து சோறு எறங்காம குந்தினு இருப்பாரு. இப்ப நீ ஊரு பூரா நிக்க வச்சுட்ட."

லைனில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா உள்ளேயிருந்து எழுந்து வர முயன்றது எனக்குத் தெரிந்தது. அத்தை போய்விட்டாள்.

மறுநாள் காலை, அத்தை குழாயடிக்குப் போன நேரம் பார்த்து நான் மாமாவிடம் போனேன். அவர் படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். முகத்தை, பிறகு நெஞ்சை, பிறகு மறுபடி முகத்தை.

"நான் சட்டை போட்டுக்கறேன்னு சொன்னனே. அந்தப் பொண்ணு கிட்ட நீ அதைச் சொன்னியா?"

"சொல்லல மாமா."

"அவங்க வேணாம்னு சொன்னாங்கன்னியே?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டுவதற்கும் மூச்சு வேண்டும். "சொல்லியிருக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே பெங்களூர் போனேன். கண்காட்சி நடந்த கட்டடத்தில் ஏசி குளிர். படம் என் உயரத்துக்கு இருந்தது. இரண்டு பேர் அதன் முன் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோகிராபர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக ஓடி வந்தாள். அங்கேயே நிறுத்தி நடந்ததைச் சொன்னேன், நான் என்ன மறைத்தேன் என்பதையும் சேர்த்து. அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உன்னை நம்பினேனே" என்றாள்.

"அவரும்தான்" என்றேன்.

பிறகு அவளே சொன்னாள்: "அவர் கை சட்டையைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். அதுவும் ஒரு ஃபிரேமில் இருக்கிறது. நான் கேட்டிருக்க வேண்டும்." இடத்தைக் கவனித்துக்கொள்கிறவர் வந்து, கையெழுத்து இருக்கிறதே, சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்லையே என்றார். அவள் அவரோடு ஏதோ வாதாடினாள். சாயங்காலத்துக்குள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள், இன்டர்நெட்டில் தன் பக்கத்திலிருந்தும் அவள் எடுத்துவிட்டாள். ஆனால் கண்காட்சிப் படங்களோடு சேர்ந்து அது புத்தகமாக அச்சாகிப் போனதையும், யார் யாரோ எடுத்துப் போட்டதையும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவும், அவர் சம்மதித்தால் அவர் விரும்புகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுக்கவும் வரலாமா என்று கேட்டாள்.

இந்தத் தடவை அவள் சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். மாமாவுக்கு அதை வரி வரியாகப் படித்துச் சொன்னேன். அத்தை, "ஒண்ணும் வேணாம், இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றாள். நாலைந்து நாள் கழித்து மாமா என்னைக் கூப்பிட்டார்.

"வரச் சொல்லு. ஆனா நான் சொல்ற மாதிரிதான். மூக்குல ட்யூபு இருக்கக்கூடாது. வாய் மூடியிருக்கணும். மைன்ஸ்ல ஆளைக் கேஜுல ஏத்தினா மணி அடிக்காம கீழ எறக்க மாட்டானுங்க இல்ல, அந்த மாதிரி. நான் வெரலைத் தூக்கினாதான் எடுக்கணும். எடுத்ததை எனக்குக் காட்டணும். வேணாம்னா அழிச்சிடணும்."

எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதினாள்.

காலை ஒன்பது மணிக்கு வந்தாள். மாமாவுக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரம் அது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தார். முழுக்கை, பட்டன் எல்லாம் போட்டு. யாரும் வரவேண்டாம் என்ற அத்தைதான் அதை இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்திருந்தாள். போட்டோகிராபர் கை கூப்பி, தான் செய்தது தப்பு என்றாள். சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். வாசல் பக்கம் உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றாள். சொன்னேன். "வாசல்ல வேணாம், போறவன் வர்றவன் பாப்பான்" என்றார். அதையும் சொன்னேன். அவளே பீரோவை நகர்த்தி ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டாள்.

கஷ்டம் வாயை மூடுவதில்தான். மாமாவுக்கு மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக் காலம் ஆகிவிட்டது. வாய் தானாகத் திறந்துகொள்ளும். ட்யூபை எடுத்துவிட்டு, நாலைந்து தடவை மூச்சை நன்றாக இழுத்து, வாயை மூடி, கழுத்து நரம்பு புடைக்க விரலைத் தூக்குவார். அவள் ஒரே ஒரு தடவை அழுத்துவாள். உடனே அத்தை ட்யூபை மாட்டுவாள். அவர் பழையபடி ஆகப் பத்து நிமிஷம். அப்புறம் காமிராவின் பின்பக்கத்தில் அவருக்குக் காட்ட வேண்டும்.

"இதுல பயந்தவன் மாதிரி கீறேன். அழிச்சிடச் சொல்லு."

அழித்தாள்.

"இதுல கண்ணு சொருகிக் கீது."

அதையும் அழித்தாள். மூன்றாவது படத்தில் முகம் விறைப்பாக இருந்தது, ஆனால் வாய் மூடியிருந்தது. இருக்கட்டும் என்றார். பிறகு அத்தையைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "எனுக்கு எதுக்கு?" என்று அவள் நகர்ந்தாள். "வா" என்றார். அரை மனசோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மாமா விரலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அவருக்கு உள்ளே ஏதோ அடைத்தது. விரல் தூக்கியபடியே இருக்க, அத்தை காமிராவை மறந்து குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கை அவர் தோளில் விழுந்தது. காமிரா சத்தம் கேட்டது.

அவர் தேறியதும் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். நான் பார்த்த போட்டோக்களில் அப்படி ஒன்று கிடையாது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். "இது நல்லா கீது" என்றார். "இதைத்தான் வச்சுக்கணும்."

அத்தை வாங்கிப் பார்த்தாள். "இத அழிங்க."

"ஏன் அத்தே?"

"என் மூஞ்சியப் பாரு. இவரு செத்துட்ட மாதிரி பாக்கறேன். இது எவன் கண்ணுலயும் படக்கூடாது. நான் ஒத்துக்க மாட்டேன்."

போட்டோகிராபர் என் வாயைப் பார்த்தாள். அவர் வேண்டும் என்கிறார், அவர் மனைவி வேண்டாம் என்கிறார், இரண்டையும் அப்படியே சொன்னேன். அவள் விரல் பட்டன் மேல் நின்றது. அந்தப் படத்தைக் கைவிட அவளுக்கு மனசில்லை என்று தெரிந்தது. எனக்கும் இல்லை. ஒரு காப்பி மட்டும் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள் என்று இங்கிலீஷில் சொன்னால் அந்த அறையில் வேறு யாருக்கும் புரியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை இங்கே மறைக்கவில்லை.

மாமா அத்தையைப் பார்த்தார். "அவ வேணாங்கறா. அழிச்சிடச் சொல்லு."

சொன்னேன். அழித்தாள். காமிராவை மாமாவிடமே கொடுத்து, இல்லை என்பதைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வைத்தாள்.

அன்று மதியமே மாமாவின் உதடு நீலம் பாய்ந்தது. ஆட்டோவில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சின்ன சிலிண்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகக்கூடிய நிலைமைதான், படம் எடுத்ததால் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. வராந்தாவில் அத்தை என்னிடம், "மூச்சை அடக்கி அடக்கி எடுத்தீங்களே, அது போதுமா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மாமா வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரும் தெம்பு மட்டும் திரும்பவே இல்லை. வாய் மூடியிருந்த அந்தப் படம் தபாலில் வந்தது, நல்ல சட்டம் போட்டு. கட்டிலுக்கு எதிரில் மாட்டச் சொன்னாராம். மகள்தான் சொன்னாள். நான் உள்ளே போகவில்லை. கார்த்திகை மாசம் ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். பத்து மணி வாக்கில் அத்தை உள்ளேயிருந்து ஆளனுப்பிக் கூப்பிட்டாள். மாமாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"எல்லாரும் போனைத் தூக்கினு நிக்கிறாங்க. யாரும் அவரை எடுக்கக்கூடாது. நீ போய் வாசல்ல நின்னு சொல்லு."

போய் நின்றேன். வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். சிலர் சரி என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்கள். மாமாவுக்குத் தம்பி முறை ஆகிற ஒருவர், "துபாய்ல இருக்கற என் பையன் பெரியப்பா மொகத்தைப் பாக்க வேணாமா? நீ யாரு இதைச் சொல்ல?" என்று கத்தினார்.

"அத்தை சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

"பக்கத்து ஊட்டுக்காரி நீ. ஒதுங்கு."

ஒதுங்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். போனைத் தூக்கினார். மாமாவின் மகள் எழுந்து அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு யாரும் எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தில் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று மணிக்குத் தூக்கும் வரை அங்கேயே நின்றேன். நடுவில் அம்மா மோர் கொடுத்தனுப்பினாள்.

பழைய படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கேயாவது கண்ணில் பட்டால், போட்டவர்களுக்கு எழுதுகிறேன், குடும்பத்துக்கு இதில் சம்மதம் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று. சிலர் எடுத்துவிடுகிறார்கள். சிலர் சம்மதக் கையெழுத்து உண்டு என்று கேள்விப்பட்டோமே என்கிறார்கள். ஒருத்தர், நீங்கள் யார் என்று கேட்டார். கையெழுத்துப் போட இடத்தைக் காட்டியவள் என்று எழுத வந்து, பக்கத்து வீட்டுக்காரி என்று எழுதினேன். போட்டோகிராபர் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடித்தபோது அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாகச் சட்டை போட்ட படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதினாள். மகளிடம் காட்டினேன். மகள் அம்மாவைக் கேட்டாள். வேண்டாம் என்று பதில் வந்தது. அப்படியே அனுப்பினேன்.

இப்போது நான் வெளியாட்களோடு போவதில்லை. ஸ்கூல் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அத்தை தனியாகத்தான் இருக்கிறாள். மெஷின் சத்தம் நின்றதிலிருந்து அந்தப் பக்கம் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரிவதில்லை. பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாயில் விடும் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்பது லைனில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வந்தால் முதலில் பார்க்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை அத்தை என் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "தண்ணி வந்துட்டுது" என்றாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.